முனிரத்தினத்தின் ஃபோல்டர்

சென்ற வாரம் தேவகி மீண்டும் வந்தாள். வந்தவள் மடிக்கணினியைத் திறக்கவேயில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அலிபிரி செல்லும் சாலையிலுள்ள என் வீட்டுக்குக் கணினி மாணவர்கள் வருவதை வாசகர்கள் அறிவீர்கள். எழுதிய நிரல்களை ஒன்றுசேர்த்து, இயங்கும் மென்பொருளாக ஆக்குவதை ‘பில்ட்’ என்பார்கள். அது பாதியில் நின்றுவிட்டால் என் நினைவு வரும். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். பிழைச் செய்திகளைப் படித்துப் படித்தே கற்றவன்.

தேவகி நகரிப் பெண். தந்தைக்கு விசைத்தறியில் வேலை. முதல்முறை வந்தபோது வகுப்புத் தோழன் பாஸ்கரும் உடன் வந்திருந்தான். அவளுடைய பில்ட், ‘முனிரத்தினம்’ என்றொரு ஃபோல்டரைத் தேடி, கிடைக்காமல் நின்றிருந்தது.

“யாரப்பா இவர்?” என்று பாஸ்கரிடம் வினவினேன்.

“சீனியர் சார். என்னிக்கோ அவரு செஞ்ச ப்ராஜெக்டத்தான் வருசா வருசம் எல்லாரும் காட்டிக்கினு வராங்க. அவர் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டா ஓடிடும். எங்க டிபார்ட்மென்ட்டுக்கே குலதெய்வம் சார்!”

“இப்போது எங்கே இருக்கிறார்?”

“பலமனேர் தக்காளி மண்டில. வேலை கெடைக்கல.”

தேவகி சிரிக்கவில்லை. “எனக்கு அந்தப் பேரு வேணாம் சார். நானே எழுதிக்கிறேன்.”

“ரோஷத்தப் பாரு!” என்றான் பாஸ்கர்.

எழுதினாள். இடறிய இடங்களை மட்டும் நான் காட்டினேன். ஒரு மாலை பில்ட் ஆனது. “நைனாக்கு போன் போட்டு சொல்லிட்டு வரேன் சார்” என்று வாசலுக்கு ஓடினாள்.

அதன்பின் நடந்தது என்ன? தேர்வாளர் எல்லோரையும் தேர்ச்சி பெறவைத்து, அவளை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்.

“எல்லாருதுலயும் இருக்கிற ஃபோல்டர் உன்னுதுல ஏன் இல்ல, வெளியில வாங்கினியான்னு கேட்டாரு சார்” என்றாள், சென்ற வாரம் வந்தபோது.

“வரி வரியாக விளக்கியிருக்கலாமே, அம்மா?”

“விளக்கினேன் சார். நல்லா மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருக்கன்னாரு.”

திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டுமாம். அதிலும் தவறினால், ஏற்கெனவே கிடைத்திருக்கும் பெங்களூரு வேலை கைவிட்டுப் போகும்.

“அந்த முனிரத்தினம் ப்ராஜெக்டையே போட்டுக் குடுங்க சார். வேலை கெடச்சிடுச்சின்னு நைனாகிட்ட சொல்லிட்டேன்...”

நேர்மையைப் பற்றி இந்தப் பத்தியில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன்.

மடிக்கணினியை வாங்கி, அவள் முதலில் கொண்டுவந்த அந்தப் பழைய ப்ராஜெக்டைத் திறந்து, முனிரத்தினம் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கினேன்.

பில்ட் ஆனது — பிழை ஒன்றும் இல்லை என்றது கணினி.