வாழைத்தார் நூற்றைம்பது ரூபாய்

முன்பெல்லாம் ஜூன் மாதத்தில் என் சங்கிலி என் கழுத்தில் இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கும்போது சத்தியவேட்டு அடகுக் கடைக்குப் போகும், கிறிஸ்துமஸுக்குத்தான் வீடு திரும்பும். என் வீட்டுக்காரர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நானும் அங்கேதான் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். இரண்டு சம்பளம் வந்தும் இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்காது. எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு வராது என்பதில் இன்னும் எரிச்சல்.

அவர் செலவுகளில் எனக்கு அறவே ஆகாதது எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும், அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, கோழி, நெல் எல்லாம் கோயில் வாசலில் ஏலத்துக்கு வரும். கமிட்டிக்காரர் "ஒகட்டோசாரி, ரெண்டோசாரி" என்று ஒருதரம், இரண்டுதரத்தைத் தெலுங்கில் கூவுவார். இவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார். எதிர்வீட்டு அக்கா தனியாக இருப்பவர், வருடாவருடம் ஒரு தட்டு நாட்டு முட்டை கொண்டுவருவார். இவர் அதை ஆயிரத்தைந்நூறு வரை ஏற்றி எடுத்துவருவார். காசை மாதக் கடைசியில் சபைக்குக் கட்டினால் போதும் என்ற சலுகை வேறு.

"துன்னா அரை நாள்ல தீந்துடும். இதுக்கா ஆயிரத்தைந்நூறு?" என்பேன்.

"முட்டைக்கா குடுக்குறேன்? அக்காவுக்காகத்தான்," என்பார்.

எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. ஒரு வருடம் பிடிவாதமாக உட்கார்ந்து சட்டம் போட்டேன். சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், வங்கிச் சேமிப்பு எல்லாம் போனில் தனித்தனியாகப் போய்விட வேண்டும். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கைச்செலவு. டீயோ ஏலமோ, அதற்குள்தான். அவரும் சரி என்றார். அடுத்த ஜூனில் சங்கிலி கழுத்திலேயே கிடந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன், பொய் சொல்வானேன்.

அந்த வருட ஏலத்தில் எதிர்வீட்டு அக்காவின் முட்டைத் தட்டு முந்நூறைத் தாண்டியதும் இவர் கையை இறக்கிக்கொண்டார். நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் எங்கள் காணிக்கை ஒரு வாழைத்தார். பின்கட்டில் அவரே வைத்து வளர்த்த மரத்தின் முதல் தார். தோளில் சுமந்துகொண்டுபோய், துண்டால் தூசி தட்டி, பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார். ஏலத்தில் நூறு ரூபாயில் தொடங்கியது. ஒரு கடைக்காரர் நூற்றைம்பது என்றார். அதற்குமேல் ஒரு கை எழவில்லை. கமிட்டிக்காரர் இழுத்து இழுத்துக் கூவிப் பார்த்தார், பிறகு "மூடோசாரி" என்று மூன்றாம் தரமும் சொல்லி முடித்துவிட்டார். சந்தையில்கூட அந்தத் தார் முந்நூறு போகும். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டு அக்காவை மடக்கி, "எங்க மேல இன்னா கோவம்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பதறிப்போனார். "ஐய, கோவம் இன்னாத்துக்குமா? போன தபா அவரு முந்நூறுலயே கைய எறக்கிட்டாரே, உங்களுக்குக் கையக் கடிக்குது போலன்னு நெனச்சோம். நாங்க ஏத்திவுட்டா, அடுத்த தபா நீங்க எங்களுத ஏத்தணும் இல்ல? எதுக்குப் பாவம் கஷ்டப்படுத்தணும்னு எல்லாருமே பேசிக்கினோம்."

இரக்கப்பட்டுத்தான் சும்மா இருந்திருக்கிறார்கள். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் மாறித்தான் போனார். டிப்போவில் டீ குடிப்பதை நிறுத்தினார். யாருக்கும் வாங்கிக்கொடுப்பதும் இல்லை. கைச்செலவு ஆயிரத்தில் அறுநூறு எழுநூறு மிச்சம் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுக்கிறார். எந்தப் பெண்டாட்டியும் வேண்டிக்கொள்ளும் புருஷன். எனக்கோ அந்தப் பணத்தை வாங்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. சங்கிலிக்கும் சேமிப்புக்கும் கணக்குப் போட்டேன். வருடத்தில் ஒருநாள் சபைக்கு நடுவில் அவர் சிரித்துக்கொண்டு கை தூக்கியதையும் செலவு என்று எழுதிவிட்டேன்.

இந்த வருட அறுப்பின் பண்டிகையில் முட்டைத் தட்டு ஏலத்துக்கு வந்தபோது நானே கையைத் தூக்கினேன். என் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, கடைசியில் இரண்டாயிரத்துக்கு எடுத்தேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். பழைய சிரிப்பு ஒருதரம் வந்துவிடாதா என்று முகத்தையே பார்த்தேன்.

அவர் தட்டை வாங்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

"கைச்செலவு ஆயிரம்தானே," என்றார், கோபமே இல்லாமல். "மீதிய எதுலேர்ந்து எடுப்பே?"