எண்ணூரில் சும்மா ஒரு சுற்று

ஆபீஸ் கவலையை மறக்கலாமென்று இன்று மனைவியுடன் ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூர் போனேன். தூக்கு நிறையப் புளியோதரை, வெயிலுக்குக் குடை, ஒரு குறையுமில்லை.

கழிமுகத்தில் ஒரு மீனவரிடம் படகு கேட்டேன்.

"இன்னா மீனு புடிக்கணும் சார்?"

"ஒண்ணும் வேணாம்பா. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். நல்ல காற்று. புளியோதரையும் காலி. இனிக் கரைக்குப் போகலாம் என்றேன். அவர் அசையவில்லை.

"வெறும் படகோட கரைக்குப் போனா ஊரே சிரிக்கும் சார். என் பொஞ்சாதி வேற நின்னுகினு இருப்பா. ரெண்டு மீனாச்சும் வுழணும்."

வலையின் ஒரு முனை என் கைக்கு வந்தது. இரண்டு மணி நேரம் இழுத்தேன். மனைவி குடைக்குள் இருந்தபடி, "இன்னும் கொஞ்சம் பலமா இழுங்களேன்" என்றாள். கடைசியில் நாலு மடவை மீன் விழுந்தது.

கரையில் அவர் மனைவி அதில் பெரியதை எடுத்து எங்கள் தூக்கில் போட்டார்.

"வல இழுத்தவருக்குப் பங்கு. வேணான்னு சொல்லாத நைனா. அப்பால வலையில ஒண்ணும் வுழாது."

நாங்கள் சைவம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கையைக் கிள்ளினாள்.

திரும்பும் ரயிலில் எங்களுக்கு இவ்வளவு தாராளமாக இடம் என்றுமே கிடைத்ததில்லை.

தூக்கு இப்போது கொல்லையில் இருக்கிறது. அதன் மூடிமேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. மீன் சாப்பிடுகிற நண்பர்கள் உடனே வரவும்.

தூக்கைத் திருப்பித் தர வேண்டாம்.