பசை போன விரல்கள்

2008, 2009 வாக்கில் அம்மாவும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவள் ஷூவுக்குப் பசை தடவும் பிரிவில், நான் ஆபீஸில். கம்பெனிக்கு இன்டர்நெட்டில் பக்கம் தொடங்குவதாகவும், வேலை செய்யும் கைகளைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து போட்டோகிராபர் வருவதாகவும் சொன்னார்கள். சூப்பர்வைசர் அம்மாவைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஒரு வாரம் அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவி, நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை ஊக்கால் சுரண்டினாள். கை மட்டும்தான் படத்தில் வரும் என்று தெரிந்தும், சர்ச்சுக்குக் கட்டும் புடவையை அன்று கட்டிக்கொண்டாள்.

போட்டோகிராபர் அவள் விரல்களை விளக்கடியில் பார்த்தார். "ரொம்ப வெடிச்சிருக்கு. வேற கை இருக்கா?" என்றார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் என் கை அழகாகத் தெரிந்தது.

பசை பிரஷ்ஷைப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாள். "இப்டி புடி. இல்லன்னா பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். பிறகு தன் நிழல் விழாதபடி தள்ளிப் போய் நின்றாள்.

"இருபது வருட அனுபவம் உள்ள கைகள்" என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அம்மாவுக்குக் காட்டினேன். கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"விரல சரியாதான் வச்சிருக்க" என்றாள்.