பூனைக்கை மாமா

பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் இயந்திரத்தின் பக்கமே திரும்புவார் மாமா. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. யாராவது ஒரு மகராசன் வந்து போட்டுவிடுவான் என்பது அவர் கட்சி. "உள்ள யாரு கை இருக்கோ, கட்டை அவங்ககிட்டதான் இருக்கணும். திரும்பப் போடுறதும் அவங்கதான் போடணும்." முப்பது ஆண்டுகளாக இந்தத் தெருவின் பட்டறைகளுக்கெல்லாம் இதுதான் சட்டம். ஒருமுறை, "பை தொங்குதே, நான் வச்சிருக்கேன் மாமா" என்று கையை நீட்டினேன். பீரோச் சாவியைக் கேட்டுவிட்டதுபோல் முறைத்தார்.

எங்கள் பைண்டிங் பட்டறைக்கு அப்பா காலத்திலிருந்து வருகிறவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கே பூனைக்கை மாமா. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுகிற கை என்பதால் வந்த பெயர். தாள் வெட்டும் இயந்திரத்தின் பக்கவாட்டில் தபால் பெட்டியின் வாய்போல ஒரு திறப்பு உண்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அதற்குள் முழங்கைவரை விட்டுக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் வைத்தபடி அப்பாவிடம் ஊர்க்கதை அளந்துகொண்டிருப்பார். கதை முடியும்போது உள்ளே கழன்ற ஸ்பிரிங் மாட்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். மெலிந்த, நீண்ட, கொஞ்சம் கர்வம் பிடித்த விரல்கள். அந்தக் கையை நினைத்தால் அப்பாவின் வெடிச்சிரிப்பும் கூடவே வந்து நிற்கும். அந்த நாட்கள் திரும்பி வராதா என்றிருக்கும்.

இப்போது அவர் எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் நரைத்துவிட்டது, ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். தரையில் படுத்துச் செய்கிற வேலைகளை அவர் உடனுக்குடன் செய்வதில்லை, சேர்த்து வைக்கிறார். "ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கீழ போவேன் பாப்பா. எறங்கறது என் கையில, ஏறறது உங்க கையில." வேலை முடிந்தாலும் யாரையும் கூப்பிடமாட்டார். இயந்திரத்துக்கு அடியில் படுத்தபடி, இல்லாத பழுதைத் தேடி ஸ்பானரால் தட்டிக்கொண்டிருப்பார். அது தூக்கிவிடச் சொல்லும் தட்டல் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாக நாங்கள் காட்டிக்கொள்வதில்லை. யதேச்சையாகப் போவதுபோல் இரண்டு பேர் போவோம்.

உட்காரட்டும் என்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் அதன்மேல் கிரீஸ் டப்பாவை வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் டப்பா தரைக்குப் போயிருந்தது. முக்காலியில் மாமா இருந்தார்.

"முன்னெல்லாம் என்னைக் கண்டாலே போல்ட்டு கழண்டுக்கும். இப்ப, யாரு நீன்னு கேக்குது" என்று சிரிப்பார். போல்ட்டுக்கு ஸ்பானரின் வாலில் நீளக் குழாய் மாட்டினார். கண்ணுக்கு, குச்சியில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வழி வைத்திருந்தார். விரல் முட்டிகளுக்குத்தான் வழி இல்லை. அவை பாக்குக் கொட்டைகள்போல வீங்கிவிட்டன.

போன வாரம் இயந்திரம் நின்றது. அதே ஸ்பிரிங். கட்டையைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டவே மூன்று முறை முயன்றார். திறப்பில் கையை விட்டார். முட்டி இடித்தது. சோப்பு தடவினார், கிரீஸ் தடவினார், விரல்களைக் குவித்து நெருக்கினார். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"பக்கத் தகட்டையே கழட்டிடலாமே மாமா" என்றேன். நாலு ஆளும் இரண்டு நாளும் வேண்டிய வேலை அது.

"கழட்டலாம். அதுக்கு ஸ்பானர் புடிக்கத் தெரிஞ்ச எவனும் போதும். நான் எதுக்கு?" என்றார். திறப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "இன்னைக்கு இது மாட்டலைன்னா, ஸ்பானர் பையை வீட்டு ஆணியில மாட்டிடறேன் பாப்பா" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கையைத் திறப்போடு வைத்து அளந்து பார்த்தேன். உட்கார்ந்தே உருண்டுபோன கை, அளக்கும்போதே சிரிப்பு வந்தது.

பதினோரு மணிக்கு அத்தை வந்தார். மாமாவின் மனைவி. மாமாவுக்குக் கண் அறுவை நடந்ததிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு வந்து சொட்டு மருந்து விட்டுப் போவார். நாற்பது ஆண்டு தையல் மிஷின் மிதித்தவர், ஒல்லியான ஆள். மருந்து விட்டு முடித்ததும் மாமாவின் விரல் முட்டியில் ரத்தத்தைப் பார்த்தார்.

"நகருங்க, நான் பாக்கறேன்."

"இது என்ன, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற வேலையா?"

"கொக்கி மாட்டறதுதானே? பெரிய சக்கரத்துல மூணாவது பல்லுக்குப் பின்னாடி ஒரு முளை, வழவழன்னு இருக்கும், அதுல மாட்டணும். கல்யாணம் ஆன நாளா சோத்துக்கு முன்னாடி உக்காந்து வேற என்ன பேசியிருக்கீங்க எங்கிட்ட?"

மாமா திறப்பை விட்டு நகர்ந்தார். அத்தை வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். திறப்பின் அருகே கையைக் கொண்டுபோனவர் நின்றார்.

"கட்டை எங்க?"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு."

"உள்ள போறது யாரு கை?"

மாமா சட்டைப்பையின் பொத்தானை அவிழ்த்தார். அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று, நாங்கள் இருவருமே உதவிக்குப் போகவில்லை. கட்டையை எடுத்து அத்தையின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

அத்தையின் வலது கை வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கீழ... இன்னும் கீழ. தட்டுப்படுதா?"

"படுது. கத்தாதீங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"இழுக்காத, கட்டைவிரலால தள்ளு. தள்ளிக்கிட்டே திருப்பு."

சொல்லும்போது அவருடைய வலது கை வெறும் காற்றில் தள்ளியது, திருப்பியது. வீங்கிய விரல்கள்தான், ஆனாலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த அதே அசைவு. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கையும் அந்தரத்தில் நின்றது.

அத்தை கையை வெளியே எடுத்தார். மாமா துணியை எடுத்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். "இந்தாங்க" என்று அத்தை கட்டையை நீட்டினார்.

மாமா வாங்கவில்லை. "உள்ள போனது உன் கை" என்றார். மெயின் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பியூஸ் பெட்டி சுவரில் உயரத்தில் இருந்தது, அத்தைக்கு எட்டாது. மாமா முக்காலியை இழுத்துவந்து அதன் அடியில் போட்டார். பிறகு சுவரைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மறு முழங்காலையும் ஊன்றித் தரையில் இறங்கி, முக்காலி ஆடாதபடி அதன் கால்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.