வீட்டுக்கு முன் விதை

அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, கொள்ளிடக் கரையில் பரிசல் ஏறி, ஆற்றின் நடுவே இருக்கும் இந்தத் திட்டில் இறங்குகிறேன். மகளைக் கட்டிக் கொடுத்த ஊர். வெள்ளம் புகுந்ததாக ரேடியோவில் கேட்டதும் கிளம்பிவிட்டேன். அவளைக் கையோடு அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறேன்.

தண்ணீர் வடிந்துவிட்டது. பாதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. கூரைகள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ஒருவரும் சுவர் எழுப்பவில்லை. ஊரே புது வண்டலில் குனிந்து, விரலால் குழி போட்டு வெள்ளரி விதை ஊன்றுகிறது.

"முதல்ல வீட்டைப் பாக்கக் கூடாதா?" என்று மகளின் மாமியாரிடம் கேட்கிறேன்.

"வூட்டை எப்ப வேணாலும் கட்டிக்கலாம், சம்மந்தி. வண்டல் காஞ்சுபோனா வெதை எறங்காது. கரைக்குக் குடிவரச் சொல்லி ஆபீசருங்க நாளைக்கு வராங்க. வெதைச்ச நெலத்தை வுட்டுட்டு எவ வருவான்னு அவங்களே பாக்கட்டும்."

"அடுத்த வெள்ளம் வந்தா?"

"வந்தா வண்டலும் வருமுல்ல?"

மகள் முழங்கால்வரை சேறாக நிற்கிறாள். "கிளம்பு" என்கிறேன்.

"இன்னிக்கு நான் கரையேறினா, நாளைக்கு என்னைக் காட்டித்தாம்மா மத்தவங்களையும் கிளப்புவாங்க. நான் வரலை" என்கிறாள்.

அவள் கையைப் பிடித்து இழுக்கிறேன். அவள் அசையவில்லை. என் கால்தான் வழுக்கிச் சேற்றுக்குள் இறங்குகிறது.

மாமியார் சிரிக்கிறார். "எறங்கினதுதான் எறங்கிட்டீங்க, சம்மந்தி. அந்த ஓரத்துல ரெண்டு குழி போடுங்க."