சும்மா மீன்

கல்யாண வீடுகளில் "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "சும்மா மீன் பாக்குறாரு" என்பேன். லோகனுக்குக் கோபம் வரும். வரட்டும். வேறு எப்படிச் சொல்வது? கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்துக்குப் போய், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை வீடியோ கேமில் ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

அது சண்டை விளையாட்டு. வெவ்வேறு விளையாட்டுகளின் வீரர்களை ஒரே மேடையில் இறக்கி மோதவிடுவார்கள். நடுவே மேலிருந்து ஒரு சங்கு விழும். அதை உடைத்தால் துணைக்கு ஏதாவதொரு பிராணி வரும். நெருப்பு கக்கும் பல்லி வரலாம், இடி இறக்கும் கழுகு வரலாம். அதிர்ஷ்டம் கெட்டவனுக்கு இந்தச் சிவப்பு மீன் வரும். தண்ணீர் இல்லாத மேடையில் பொத்தென்று விழுந்து, நாலு வினாடி துள்ளிவிட்டு மறைந்துபோகும். யாரையும் அடிக்காது, யாரையும் காப்பாற்றாது. முதல் பாகத்திலிருந்தே அதற்கு அதுதான் வேலை. எதிராளி சிரிப்பான், சங்கை உடைத்தவன் தலையில் அடித்துக்கொள்வான்.

நாலாவது பாகம் தயாரானபோது அந்த மீனைச் சோதிக்கும் பொறுப்பு லோகனுக்கு வந்தது. ஒவ்வொரு வீரன் பக்கத்திலும் மீனை வரவழைத்து, அது உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். எதிர்பார்ப்பது: ஒன்றுமில்லை. நடந்தது: ஒன்றுமில்லை. இதற்கு ஒரு பட்டப்படிப்பு வேறு என்று நான் கிண்டல் செய்வேன்.

மார்ச்சில் ஒரு மதியம், நான் வேலை செய்யும் கிளினிக்கில் கவுண்டரில் இருந்தபோது அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மேடை விளிம்பில் நின்ற வீரன் காலில் மீனின் வால் பட்டது; அவன் தலைகுப்புற விழுந்து தோற்றான். கீழே எழுதியிருந்தார்: "மீனுக்கு ரோஷம் வந்துருச்சு லா!" சிரிக்கும் இமோஜி நாலு அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அதை மறுபடி நடக்கவைக்க இரண்டு நாள் முயன்றார். நடக்கவில்லை. செய்துகாட்ட முடியாத பிழையை எழுதிக் கொடுத்தால் மேலாளர் வாசு எல்லார் முன்னாலும், "கண்ணாடிய மாத்துங்க பொஸ்" என்பார். ஏற்கெனவே ஒருமுறை பட்ட அவமானம் அது. வீடியோவைக் காட்டவும் வழியில்லை. அலுவலகத்தில் கைப்பேசியில் படம் பிடித்தால் வேலை போய்விடும். தன் கைப்பேசியிலிருந்து அதை அழித்தார். படிவத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னதைக் கேட்டு, "போனாப் போகுது, ஒரு மீன்தானே" என்றவள் நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

விளையாட்டு வெளிவந்து, ஜூலையில் கோலாலம்பூரில் பெரிய போட்டி நடந்தது. இறுதிச்சுற்றுக்கு வந்தவள் விஷ்ணுப்ரியா, கிள்ளானுக்குப் பக்கத்திலிருக்கும் காப்பார்க்காரப் பெண், வயது பத்தொன்பது. தோற்கப்போகும் நேரத்தில் சங்கை உடைத்தாள். மீன் விழுந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. விளிம்பில் நின்ற எதிராளியின் வீரன் காலில் வால் பட்டது. அவன் விழுந்தான், அவள் ஜெயித்தாள்.

அவள் கொண்டுவந்த சொந்தக் கன்ட்ரோலரில் ஏதோ திருட்டு வேலை செய்திருக்கிறாள் என்றார்கள் போட்டி நடத்தியவர்கள். மீன் யாரையும் தொடாது என்பது விளையாட்டின் வழிகாட்டியிலேயே இருக்கிறதே! பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதற்குள் தன் நேர்மையை நிரூபிக்காவிட்டால் ஆயுளுக்கும் தடை. நேரலையில் இதைப் பார்த்த லோகன் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காப்பாரிலிருந்து மாரியாயி என்றொரு அம்மா கிளினிக்குக்கு வந்தார். இரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது.

"ஏன்க்கா இவ்ளோ ஏறியிருக்கு? மருந்து சாப்புடலையா?"

கைப்பேசியை நீட்டினார். விஷ்ணுப்ரியாவின் படம், அதன் கீழே அடுக்கடுக்காக வசவு.

"என் மகதாம்மா. திருடின்னு எழுதுறானுங்க. மூணு நாளா ரூம விட்டு வரல. சாப்பாட்ட கதவுகிட்ட வெக்கிறேன், அப்படியே கெடக்கு. ஒரு மீனு தட்டிவிட்டதுக்கு என் பிள்ள என்னம்மா செய்யும்?"

என் கைப்பையில், என் கைப்பேசியில், தேதியோடு அந்த வீடியோ இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டில் லோகன் விடுப்பெடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சங்கு, மீன், நாலு வினாடி. சங்கு, மீன், நாலு வினாடி. இப்போது அந்தப் பிழையைச் செய்துகாட்டிவிட்டால், புதிதாகக் கண்டுபிடித்தவர்போல விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிடலாம். மார்ச்சில் மறைத்தது யாருக்கும் தெரியவராது. மாதக்கணக்கில் அது ஒன்றும் செய்யக்கூடாது என்று காவல் காத்த மனிதர், "ஏதாச்சும் செய்யேன், சனியனே" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அந்தப் பொண்ணோட அம்மா இன்னைக்கு வந்தாங்க," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "உன் போன்ல அந்த வீடியோ இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அழிச்சிரு ஷாமினி. வெளிய வந்தா என் வேலை அவ்ளோதான். வேற எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டான் லா."

"அந்தப் பொண்ணு?"

"நீ சும்மா இரு!"

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை.

"நாலு மாசமா ரெண்டு பேரும் சும்மாதானே இருந்தோம்?" என்றேன். "நான் அழிக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாம அனுப்பவும் மாட்டேன். போன் இங்கதான் இருக்கும்."

மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வியாழன் முழுக்க அது அங்கேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு விசாரணை. எட்டரை வரை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு டிவிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். என் கைப்பேசியில் விசாரணைக் குழுவுக்கு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வீடியோ, அதன் கீழே தன் முழுப்பெயர், ஊழியர் எண், "மார்ச்சிலேயே பார்த்தேன், மறைத்துவிட்டேன்" என்று ஒரு வரி.

"அனுப்பிட்டேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மாலைக்குள் தடையை நீக்கி, பட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள். சோதனையாளர் ஒருவர் ஆதாரம் தந்ததாக மட்டும் அறிவித்தார்கள், பெயர் சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் பெயர் தெரிந்தது. திங்கட்கிழமை லோகன் அலுவலக மேசையைக் காலி செய்துகொண்டு, தன் தேநீர்க் கோப்பையோடு மதியமே வீடு திரும்பினார். மீனைத் திருத்திவிட்டார்களாம், இப்போது அது யாரையும் தொடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து மாரியாயி மறுபடி வந்தார். அழுத்தம் நூற்று முப்பது. எனக்கென்று ஒரு பை நிறைய கெரொப்போக், பொரித்த மீன் அப்பளம், கொண்டுவந்திருந்தார்.

"எந்தப் புண்ணியவானோ தெரியல, நல்லா இருக்கணும்," என்றார். பிறகு, மருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் பேச்சுக்குக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் என்ன வேலம்மா?"

"சும்மாதான் இருக்காருக்கா."

"அடடா. ஆம்பள சும்மா இருந்தா எப்படிம்மா? ஏதாச்சும் செய்யச் சொல்லு."

மருந்துப் பையை நீட்டினேன்.

"சொல்றேன்க்கா," என்றேன்.