மின்னலாளுக்கு முறை சொன்ன கதை

மின்னலாளுக்கு உண்மையில் யார் ஜோடி என்று நேற்று என் மகள் கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே கேட்டாள். எனக்குத் திக்கென்றது. ஒன்பது வயதில் என்னையும் பிடித்து ஆட்டிய கேள்வி அது. அதற்கு விடை காணப் போய் நான் பண்ணிவைத்த காரியத்தை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கையும் இருந்தார். ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கணக்கு வேலை. மாலையில் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக் கையெழுத்துப் பழக்குவார். அத்தை எழுத்து எது, என் எழுத்து எது என்று அப்பாவே தடுமாறும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

அந்தக் கம்பெனியில் எந்திரங்களுக்குப் படம் வரைகிறவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் அத்தையிடம் காமிக்ஸ் கொடுத்தனுப்புவார். படித்துவிட்டுத் திங்கட்கிழமை அத்தை அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏழு சாகசவீரர்கள் ஒரே வீட்டில் தங்கி உலகத்தைக் காப்பாற்றும் கதை. அதுவே டிவியிலும் கார்ட்டூனாக ஓடியது. தொல்லை என்னவென்றால், டிவியில் மின்னலாள் அலையனைக் காதலித்தாள். காமிக்ஸிலோ பாறையனை.

"ஏனுங் அத்தை, ஒருத்திக்கு ரெண்டு பேருங்களா?"

"டிவிக்கு எழுதறவங்க வேற, புக்குக்கு எழுதறவங்க வேற கண்ணு."

"அப்ப எது நெசமுங்க?"

"புக்குதான்" என்றார் அத்தை, பட்டென்று. முகம் சிவந்திருந்தது. ஃபேன் வேறு ஓடவில்லை, வெக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், சொந்த மில். ஆனால் அப்பா ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டார். மாப்பிள்ளையும் எங்கள் கூட்டமாம். எங்கள் பக்கம் குலத்தைக் கூட்டம் என்போம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. அம்மா இதை விளக்கியதும் என் மண்டையில் பல்பு எரிந்தது. அந்த ஏழு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சோறு, நெஞ்சில் ஒரே சின்னம். பங்காளிகளேதான்! இது தெரியாமலா அவர்கள் காதலித்துக்கொண்டு திரிகிறார்கள்? அட கருமமே!

ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய ஹேண்ட்பேக்கிலிருந்து அந்த வாரப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கத்தில் பாறையன், "என்னைப் பிடிக்குமா?" என்று கேட்கிறான். அதன் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. பாவம், புத்தகம் கொடுத்தனுப்பியவருக்கும் என் சந்தேகமே வந்திருக்கிறது! கீழே மின்னலாள், "உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்கிறாள். அதன் அருகில், இன்னும் மெலிசாக, பென்சிலில் ஒரு டிக்.

தப்பான விடைக்கு யார் டிக் போட்டது? ரப்பரை எடுத்துச் சுத்தமாக அழித்தேன். பிறகு பேனாவால், அத்தை பழக்கிய அதே சுழிகளோடு, மின்னலாளின் பேச்சுக்குப் பின்னால் ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: அண்ணா.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அத்தை மல்லிகை வைத்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முனகியபடி ஆபீஸ் கிளம்பினார். சாயங்காலம் வந்தவர் பூவைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை காமிக்ஸ் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"புக்கு எங்கீங் அத்தை?"

"அவரு இனிமேல் தர மாட்டாரு கண்ணு. பேசறதுகூட இல்ல. எதுக்குன்னு எனக்கே தெரியல."

கதையை இப்படியா பாதியில் விடுவது? அந்த மனுசன்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தை எழுந்து டிவியை அணைத்தார்.

தை மாதம் காரமடைப் பக்கத்து மாப்பிள்ளையோடு அத்தைக்குக் கல்யாணம். வேறு கூட்டம், எல்லாப் பொருத்தமும் அமோகம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்தபோது, மண்டப வாசலில் ஒல்லியாக ஒருவர் என்னைக் கூப்பிட்டார். காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"அம்மணி, இதை அத்தைகிட்டக் குடுத்துருங்க. ஆபீஸ் அண்ணன் குடுத்தாருன்னு சொல்லுங்க."

சாப்பிடச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். மிச்சக் கதை கிடைத்துவிட்டது என்று மேடைக்கு ஓடினேன். அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது அதே பழைய புத்தகம். அந்தப் பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது, பலமுறை அங்கேயே விரித்துப் படித்தது போல. அத்தை பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ரப்பர் தேய்த்த இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உன்ற எழுத்தா கண்ணு?"

"ஆமாங் அத்தை! முறை தப்பா இருந்துச்சுங்க, திருத்திப்போட்டேன். உங்க எழுத்து மாதிரியே இருக்குதுங்களா?"

"அப்படியே இருக்குது" என்றார் அத்தை. மாலையோடு என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். புதுத் தாலி என் கன்னத்தில் அழுந்தி வலித்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நம் எழுத்து அவ்வளவு அழகாக வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.